ஜோ லூயிஸ் பேரை எடுத்துட்டு பெஸ்ட் ஹெவிவெயிட் யாருன்னு எப்படிங்க கேக்கறீங்க?

தமிழ்ல பாக்ஸிங் வரலாறு பேசி வீடியோ போடற நண்பர்களுக்கு,

எல்லா காலத்துக்கும் பெஸ்ட் ஹெவிவெயிட் சாம்பியன் யாருன்னு ஓட்டெடுப்பு வச்சீங்க. அலி, ஃப்ரேசியர், ஃபோர்மேன், டைசன், ஹோலிஃபீல்டு, மார்சியானோ, ஃபியூரி, உசிக்னு எட்டு போட்டோ. அதுல 1937ல இருந்து 1949 வரைக்கும் சாம்பியனா இருந்த அமெரிக்கக்காரர் ஜோ லூயிஸ் இல்ல. விட்டுப்போயிருக்கும்னு நினைச்சு மெயில் போட்டேன், பதில் வரல. அடுத்த வீடியோல நீங்களே காரணம் சொன்னீங்க. அவரு அடிச்சதெல்லாம் டம்மி ஆளுங்க, அந்தக் காலத்து ஹெவிவெயிட்லாம் சின்ன சைஸு, மார்சியானோ அடிச்ச அடில கயிறு தாண்டி விழுந்தாரு, அதனால அவரை கணக்குலயே எடுக்கலன்னு. அப்போ மறந்து விட்டது இல்ல, யோசிச்சுதான் எடுத்திருக்கீங்க. அதனாலதான் இத பொதுவுல எழுதறேன்.

நான் வடசென்னைல சாயங்காலம் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லித்தர்ற ஆளு. எங்க பசங்க இங்கிலீஷ்ல பாக்ஸிங் படிக்க மாட்டாங்க, அவங்களுக்கு வரலாறுன்னா நீங்க சொல்றதுதான். நீங்க ஒரு ஆளை இல்லன்னு சொன்னா அவனுக்கு அந்த ஆளு இல்லவே இல்ல. போன வாரம் கைல பேண்டேஜ் சுத்திட்டே ஒரு பையன், அண்ணே ஜோ லூயிஸ்னு சொல்லுவீங்களே அவரு டம்மி பசங்களைத்தான் அடிச்சாராமேன்னு கேட்டான். எனக்கு அவன்மேல கோவம் வரல, உங்க மேலதான் வந்துச்சு.

முதல்ல கணக்கைப் பேசிடலாம். 1937 ஜூன் 22, சிகாகோல ஜேம்ஸ் பிராடாக்கை எட்டாவது ரவுண்டுல நாக் அவுட் பண்ணி லூயிஸ் பட்டத்தை வாங்குனாரு. அந்த சண்டைல முதல் ரவுண்டுல கீழ விழுந்தவரு லூயிஸ்தான், எழுந்து வந்து ஜெயிச்சாரு. 1949 மார்ச் 1ல அவரா விலகற வரைக்கும் அந்தப் பட்டம் அவர்கிட்டயே இருந்துச்சு, கிட்டத்தட்ட 11 வருஷம் 8 மாசம். 25 தடவை பட்டத்தைக் காப்பாத்துனாரு. அதுக்கப்புறம் லாரி ஹோம்ஸ் 20 தடவை, அலி மூணு ஆட்சியும் சேத்து 19, விளாடிமிர் கிளிட்ச்கோ ரெண்டாவது ஆட்சில தொடர்ந்து 18, டைசன் முதல் ஆட்சில 9. ஹெவிவெயிட்ல அந்த 25ஐ இன்னிக்கு வரைக்கும் யாரும் தாண்டல. அந்த 25ல ஜட்ஜுங்க முடிவு வரைக்கும் போனது மூணே மூணுதான்: டாமி ஃபார், ஆர்துரோ கோடாய், ஜெர்ஸி ஜோ வால்காட். இதுல பட்டாளத்துக்குப் போனதால 1942 மார்ச்சுக்கு அப்புறம் 1946 ஜூன் வரைக்கும் நாலு வருஷம் ஒரு டைட்டில் சண்டை கூட கிடையாது. அந்த நாலு வருஷத்தைக் கழிச்சுட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. சாம்பியனா இருந்த வரைக்கும் லூயிஸ் ஒரு சண்டை கூட தோக்கல. மொத்தம் 69 சண்டைல தோத்தது மூணு. ஒண்ணு சாம்பியன் ஆகறதுக்கு முன்னாடி 1936ல, மத்த ரெண்டும் ரிட்டயர் ஆகி திரும்பி வந்தப்புறம். ஆனா உங்க வீடியோல மார்சியானோகிட்ட பட்டத்தை இழந்தாருன்னு சொல்றீங்க. தப்புங்க. 1951 அக்டோபர்ல நடந்த அந்த சண்டைல பட்டமே கிடையாது, அப்போ சாம்பியனா இருந்தது வால்காட். இது கருத்து இல்ல, பதிவுல இருக்கற விஷயம், இதை நீங்க சரிபாத்திருக்கணும்.

இப்போ டம்மி ஆளுங்க விஷயம். 1940 டிசம்பர்ல இருந்து 1941 ஜூன் வரைக்கும் ஏழு மாசத்துல ஏழு டைட்டில் சண்டை போட்டாரு. அதைத்தான் அன்னிக்கு பேப்பர்காரங்க மாசத்துக்கு ஒரு வெத்து ஆளுன்னு கிண்டல் பண்ணாங்க, நீங்க அந்தக் கிண்டலை எடுத்து அவரோட மொத்த வாழ்க்கைக்கும் ஒட்டிட்டீங்க. எதிராளிங்க எல்லாரும் பெரிய ஆளுங்கன்னு நான் சொல்லல, டோனி முஸ்டோவும் கஸ் டொராஸியோவும் பெரிய ஆளுங்க கிடையாது. ஆனா யார் முன்னாடி வந்தாலும் நிக்கறேன்னு மாசாமாசம் பட்டத்தை பணயம் வச்சவரை இன்னிக்கு இருக்கற நிலைமையோட வச்சுப் பாருங்க. இன்னிக்கு ஒரு சாம்பியன் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சண்டை, நாலு அமைப்பு நாலு பெல்ட்டு, யார் யாரோட மோதணும்னு வக்கீலுங்க உக்காந்து பேசியே ரெண்டு வருஷம் போயிடுது. அந்த ஏழுல கடைசி யாருன்னு தெரியுமில்ல, பில்லி கான். லைட் ஹெவிவெயிட்ல சாம்பியனா இருந்தவரு, அவ்வளவு வேகமான கை. 12 ரவுண்டு முடிஞ்சப்போ ஜட்ஜுங்க மார்க் போடற கார்டு மூணுல ரெண்டுல கான் முன்னாடி, மூணாவதுல சமம். லூயிஸுக்கு பட்டம் கைய விட்டுப் போயிட்டிருந்துச்சு. 13வது ரவுண்டு முடிய ரெண்டு செகண்டு இருக்கும்போது கான் கீழ கிடந்தாரு. அது டம்மி ஆளு சண்டையா?

லூயிஸ் மொத்தமா மோதுன ஆளுங்கள்ல சாம்பியனா இருந்தவங்க, பின்னாடி ஆனவங்கன்னு எடுத்தாலே கார்னேரா, மேக்ஸ் பேர், ஜாக் ஷார்க்கி, பிராடாக், ஷ்மெல்லிங், வால்காட்னு ஆறு ஹெவிவெயிட் சாம்பியனுங்க. ஆறு பேரையும் நாக் அவுட் பண்ணிருக்காரு.

சைஸ் கதைக்கு வர்றேன், ஏன்னா இத நிறைய பேரு நம்பறாங்க. லூயிஸ் நல்லா இருந்த காலத்துல 90 கிலோ கிட்ட, இன்னிக்கு கணக்குக்கு ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழ இருக்கற க்ரூஸர்வெயிட், உண்மைதான். ஆனா உங்க எட்டு பேர் லிஸ்ட்ல மார்சியானோ இருக்காரே, அவரு 84, 85 கிலோ, உயரமும் லூயிஸை விட கம்மி. லூயிஸ் சின்னவருன்னா மார்சியானோ யாரு? அதே லிஸ்ட்ல உசிக்கும் இருக்காரு. க்ரூஸர்வெயிட்ல எல்லா பெல்ட்டும் ஜெயிச்சுட்டு மேல வந்தவரு, 2024ல தன்னை விட எவ்வளவோ கனமான ஃபியூரியை ரெண்டு தடவை ஜெயிச்சாரு. சின்ன உடம்போட பெரிய ஆளை சாய்ச்சாருன்னு அவரைப் பாராட்டறீங்க, நானும் பாராட்டறேன். இதையே லூயிஸ் 1935ல பண்ணிட்டாரு. கார்னேரா 118 கிலோ, லூயிஸ் 89 கிலோ, ஆறாவது ரவுண்டுல முடிஞ்சுது. பட்டி பேர் 6 அடி 6 அங்குலம், அவரோட ரெண்டாவது சண்டை 1942 ஜனவரில ஒரு ரவுண்டு கூட தாண்டல. ஏப் சைமன் 6 அடி 4 அங்குலம், அவரையும் ரெண்டு தடவை நிறுத்துனாரு. பெரிய ஆளுங்க முன்னாடி நிக்கத் தெரியாதவரு இல்ல அவரு.

நான் பசங்களுக்கு சொல்லித்தர்ற ஆளா எனக்கு லூயிஸ்கிட்ட ரொம்பப் பெருசா படறது வேற ஒண்ணு, இத எந்த டாப் டென் வீடியோலயும் நான் பாக்கல, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். ஒரு தடவை அவரைத் திணறடிச்ச ஆளு ரெண்டாவது தடவை வந்தா என்ன ஆச்சுன்னு பாருங்க. ஷ்மெல்லிங் 1936ல 12வது ரவுண்டுல லூயிஸை நாக் அவுட் பண்ணாரு, 1938ல 124 செகண்டுல முடிஞ்சுட்டாரு. கோடாய் முதல் சண்டைல குனிஞ்சு குனிஞ்சு 15 ரவுண்டும் ஓட்டிட்டாரு, நாலு மாசம் கழிச்சு எட்டாவது ரவுண்டுல முடிஞ்சுது. பட்டி பேர் முதல் சண்டைல லூயிஸை ரிங்குக்கு வெளியவே தள்ளி விட்டாரு, ஏழு ரவுண்டு போச்சு, ரெண்டாவது ஒரே ரவுண்டு. சைமன் 13ல இருந்து 6. கான் 13ல இருந்து 8. வால்காட் 1947ல லூயிஸை ரெண்டு தடவை கீழ தள்ளுனாரு, முடிவு லூயிஸுக்கு வந்தப்போ அரங்கத்துல நிறைய பேரு வால்காட்தான் ஜெயிச்சாருன்னு நினைச்சாங்க, எனக்கும் அந்த சண்டைய பாக்கும்போது வால்காட் பக்கம்தான் தோணுது. அதுக்காக லூயிஸ் ஒதுங்கிப் போகல, ஆறே மாசத்துல அதே ஆளுக்கு வாய்ப்பு குடுத்து 11வது ரவுண்டுல முடிச்சாரு. அப்போ அவருக்கு 34 வயசு. கால் போயிடுச்சு, ரிஃப்ளெக்ஸ் போயிடுச்சு, ஆனாலும் எதிராளிய படிக்கற மூளை போகல.

ஷ்மெல்லிங்கிட்ட ஏன் தோத்தாருன்னு எங்க வாத்தியாரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். லூயிஸ் ஜாப், அதாவது முன் கையால நேரா விடற குத்து, போட்டுட்டு இடது கைய கீழ இறக்கிடுவாரு, ஷ்மெல்லிங் அதை கவனிச்சு வச்சுகிட்டு அந்த சந்துல வலது கைய விட்டுக்கிட்டே இருந்தாரு. எங்க வாத்தியாரு ஜாப் அடிக்கச் சொல்லித்தரும்போதெல்லாம் அடிச்ச கை தாடைக்குத் திரும்பலன்னா லூயிஸ் வாங்குனதுதான் உனக்கும்னு சொல்லுவாரு. நானும் என் பசங்களுக்கு அதையேதான் சொல்றேன். ஜாக் பிளாக்பர்ன்னு ஒரு பழைய பாக்ஸர்தான் லூயிஸுக்கு கோச். கால சின்னச் சின்னதா நகத்தி, சரியான தூரத்துல நின்னு, ஆறு அங்குலத்துல அடிக்கற குத்து, ஒண்ணு பின்னாடி ஒண்ணா நாலு அஞ்சு. வீசி அடிக்கறது கிடையாது, தேவையில்லாத அசைவு கிடையாது. தி ரிங் பத்திரிகை 2003ல எல்லா வெயிட்டும் சேத்து சிறந்த 100 பஞ்சர்கள்னு பட்டியல் போட்டப்போ முதல் இடம் லூயிஸுக்குத்தான் குடுத்தாங்க.

இது ஏன் எனக்கு முக்கியம்னா, உங்க வீடியோ பாத்துட்டு வர்ற பசங்க எல்லாரும் டைசன் மாதிரி அடிக்கணும்னு வர்றாங்க. டைசன் சாதாரண ஆளு இல்ல, 20 வயசுல சாம்பியன் ஆனவரு. ஆனா அந்த தலை ஆட்டம், அந்த இடுப்பு, கஸ் டமாட்டோ சின்ன வயசுல இருந்து போட்ட வருஷக்கணக்கான பயிற்சி, எதுவும் இல்லாம கடைசில வளைச்சு அடிக்கற ஹூக்கை மட்டும் காப்பி அடிக்கறாங்க, வாங்கறது எல்லாம் மூஞ்சில வாங்கறாங்க. லூயிஸோட சண்டைய போட்டுக் காட்டுனா அதுல எங்க பையன் நாளைக்கே செஞ்சு பாக்கக்கூடிய விஷயம் இருக்கு. ஜாப், ஒரு அடி, கை தாடைக்கு, மறுபடி ஜாப். இப்போ நான் அத போட்டா, அண்ணே இவருதானே லிஸ்ட்லயே இல்லன்னு சொன்னாங்கன்னு போனை எடுத்து நீட்டறாங்க.

மார்சியானோ கிளிப்பை பத்தி பேசியே ஆகணும். அந்த கயிறு தாண்டி விழற பத்து செகண்டை நீங்க வீடியோ ஆரம்பத்துல வச்சிருக்கீங்க, சோக மியூசிக் கூட போடல, சிரிப்பு சத்தம் போட்டிருக்கீங்க. அந்த மனுஷன் ஏன் 37 வயசுல அங்க நின்னாருன்னு சொல்லணுமில்ல? 1942ல பட்டி பேர் சண்டைல வந்த தன் பங்கை கடற்படை நிவாரண நிதிக்குக் குடுத்தாரு, சைமன் சண்டைல வந்ததை ராணுவ நிவாரண நிதிக்குக் குடுத்தாரு. கடற்படைக்குக் குடுத்தாருன்னு சொல்றேனே, அன்னிக்கு அந்தக் கடற்படைல கறுப்பர்களுக்கு சாப்பாடு பரிமாறுற, எடுபிடி வேலைதான் குடுத்தாங்க. அது தெரிஞ்சும் குடுத்தாரு. அப்புறம் பட்டாளத்துல சேந்து, உலகம் பூரா போய் சிப்பாய்ங்க முன்னாடி கிட்டத்தட்ட நூறு காட்சி சண்டை போட்டாரு. ஃபோர்ட் ரைலி முகாம்ல ஜாக்கி ராபின்சனுக்கும் மத்த கறுப்பு சிப்பாய்ங்களுக்கும் அதிகாரி பயிற்சில இடம் குடுக்காம இழுத்தடிச்சப்போ, தன் பேரை வச்சு வாஷிங்டன் வரைக்கும் பேசி வழி பண்ணாரு. 1947ல அமெரிக்க பேஸ்பால்ல பெரிய லீக்ல கறுப்பர்களை சேக்காத அந்த நிறத் தடைய உடைச்சதே அந்த ராபின்சன்தான்.

போர் முடிஞ்சதும் வருமான வரிக்காரங்க வந்தாங்க. நிதிக்குக் குடுத்த அந்தக் காசையும் அவரு வருமானமாவே கணக்கு வச்சாங்க, அவரும் கைல வந்ததை கேட்டவனுக்கெல்லாம் குடுத்த ஆளு, அவரு பணத்தைப் பாத்துகிட்டவங்களும் ஒழுங்கா பாக்கல, கடன் வட்டியோட ஏறி ஏறி 5 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. அதுக்காகத்தான் திரும்பி வந்தாரு. 1950ல எஸார்ட் சார்ல்ஸ்கிட்ட 15 ரவுண்டு நின்னு தோத்தாரு, அடுத்த வருஷம் மார்சியானோ. ஜெயிச்ச மார்சியானோவே டிரெஸ்ஸிங் ரூம்ல அழுதாரு, ஏன்னா லூயிஸ் அவரோட ஹீரோ. ஜெயிச்சவரே அழுத சண்டைக்கு நீங்க சிரிப்பு சத்தம் போட்டிருக்கீங்க, இதை எப்படி நான் பாத்துட்டு சும்மா இருக்கறது?

லூயிஸ் வாய் தொறக்காத ஆளு, அலி மாதிரி அநியாயத்தை எதிர்த்துப் பேசலன்னும் சொல்லியிருக்கீங்க. இதுக்கு காலத்தைப் பாக்கணும். லூயிஸுக்கு முன்னாடி இருந்த ஒரே கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன், அவரு தனக்குப் புடிச்ச மாதிரி வாழ்ந்தாருங்கறதுக்காக வெள்ளைக்காரங்க அவரைத் துரத்தித் துரத்தி அடிச்சாங்க, 1915ல அவரு பட்டத்தை இழந்தப்புறம் 22 வருஷம் ஒரு கறுப்பருக்கும் பட்டத்துக்கு மோதற வாய்ப்பே குடுக்கல. ஹாரி வில்ஸ்னு ஒரு கறுப்பு பாக்ஸர் வாய்ப்பு கேட்டுக் கேட்டே வயசாகிப் போனாரு. அந்தக் கதவைத் தொறக்கணும்னா ஜெயிச்சப்புறம் சிரிக்கக் கூடாது, விழுந்தவன் முன்னாடி கொண்டாடக் கூடாது, வெள்ளைக்காரப் பொண்ணு கூட போட்டோல நிக்கக் கூடாதுன்னு அவரோட மேனேஜருங்க சட்டமே போட்டு வச்சிருந்தாங்க. அலபாமால பருத்திக் காட்டுல பொறந்த பையன் அத்தனையும் தாங்கிக்கிட்டு 12 வருஷம் உலகத்துக்கு முன்னாடி நின்னாரு. 1938ல யாங்கி ஸ்டேடியத்துல கிட்டத்தட்ட 70,000 பேரு முன்னாடி, ஹிட்லரோட ஜெர்மனில இருந்து வந்த ஷ்மெல்லிங்கை அடிச்சப்போ, தன் நாட்டுலயே பல ஊர்ல ஓட்டுப் போட முடியாத ஜனங்க ரேடியோ முன்னாடி உக்காந்து கேட்டாங்க. ஷ்மெல்லிங்கும் நாஜி கட்சிக்காரரு இல்ல, அதே வருஷம் நவம்பர்ல ரெண்டு யூதப் பசங்களை தன் ரூம்ல ஒளிச்சு வச்சுக் காப்பாத்துனவரு, பின்னாடி லூயிஸோட நல்ல நண்பரும் ஆனாரு. நீங்க அவரை வில்லனா காட்டுனதையும் இதுல சேத்து சொல்லிக்கறேன்.

அலி வேற காலம், வேற தைரியம். 1967ல பட்டாளத்துக்குப் போக மாட்டேன்னு சொல்லி பட்டத்தையும் மூணரை வருஷத்தையும் இழந்தாரு, 1971ல சுப்ரீம் கோர்ட் 8க்கு 0ன்னு அவரு பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. நம்மூருக்கும் அவருக்கும் உறவு உண்டு, 1980ல மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சி சண்டை போட்டாரு, எம்.ஜி.ஆரும் வந்திருந்தாரு, இன்னிக்கும் எங்க பக்கத்துப் பெரியவங்க அதைப் பேசுவாங்க. லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மேன், நார்ட்டன்னு அவரு மோதுன ஆளுங்க லூயிஸ் மோதுன ஆளுங்களை விட பலமானவங்க, இதை ஒத்துக்காம பேசுனா நியாயமா இருக்காது. 1974ல ஃபோர்மேனை சாய்ச்ச கின்ஷாசா மாதிரி ஒரு ராத்திரி யாருக்கும் கிடையாது. ஆனா சாம்பியனா இருந்த காலம் முழுசும் எடுத்துப் பாத்தா, 1976ல ஜிம்மி யங், மூணாவது நார்ட்டன் சண்டை ரெண்டும் அலிக்குக் குடுத்ததை இன்னிக்கும் பலரு ஏத்துக்கல, 1978ல ஏழே சண்டை போட்டிருந்த லியான் ஸ்பிங்க்ஸ்கிட்ட பட்டத்தையே விட்டாரு. அதனால என் ஓட்டு லூயிஸுக்கு முதல், அலிக்கு ரெண்டாவது. நீங்க அலிய முதல்ல வைங்க, எனக்கு வருத்தமில்ல, அதுக்கு எதிரா நானும் உக்காந்து பேசத் தயார். லூயிஸை பேச்சுலயே சேக்காம வைக்கறதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

நான் கேக்கறது இதுதான். அந்த ஓட்டெடுப்பை எடுத்துட்டு ஜோ லூயிஸ் பேரையும், முடிஞ்சா ஜாக் ஜான்சன், லாரி ஹோம்ஸ், லென்னாக்ஸ் லூயிஸ் பேரையும் சேத்து மறுபடி நடத்துங்க. எதை வச்சு பெஸ்ட்னு முடிவு பண்றீங்க, ஆட்சிக் காலமா, எதிராளியோட தரமா, ஒரு ராத்திரி சண்டையான்னு முன்னாடியே சொல்லிட்டு நடத்துங்க. மார்சியானோகிட்ட பட்டத்தை இழந்தாருன்னு சொன்னது தப்புன்னு அந்த வீடியோலயே திருத்தம் போடுங்க, தனியா ஒரு மூலைல எழுதிட்டு விட்டுடாதீங்க. அந்த கிளிப்புல இருக்கற சிரிப்பு சத்தத்தை இந்த வாரமே எடுங்க, கிளிப்பு வேணும்னா அவரு வயசு என்ன, வரிக்கடன் என்னன்னு சொல்லிட்டுக் காட்டுங்க. அப்புறம் 1937ல இருந்து 1949 வரைக்கும் அந்த 25 சண்டைய பத்தி ஒரு முழு வீடியோ போடுங்க, முக்கியமா ஷ்மெல்லிங், கோடாய், கான், வால்காட் நாலு பேரோட முதல் சண்டையையும் ரெண்டாவது சண்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க. ரவுண்டு ரவுண்டா எங்க என்ன மாத்துனாருன்னு நான் எழுதி வச்சிருக்கேன், கேட்டா அனுப்பறேன், என் பேரு கூட போட வேண்டாம். முன்னாடி அனுப்புன மெயிலுக்கும் ஒரு பதில் போடுங்க.

இப்படிக்கு,
வடசென்னைல இருந்து உங்க பழைய பார்வையாளன் ஒருத்தன்